நிலமளந்த பேரறிஞர் வில்லியம் லாம்ப்டன்

முன்னுரை

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தது தொல்காப்பியம். மாந்தர் வாழ்வில் நிகழும் யாவும் ஓரிடத்தில், ஒரு காலத்தில் நிகழ்வன என்பதே அதன் கருத்தாகும். தான் நிற்கும் இடம் யாது, தான் செல்ல வேண்டிய இடம் எத்திசையில் எத்துணைத் தொலைவில் உள்ளது என்னும் இரு வினாக்களுக்கும் விடை அறியாதவன் பிறர் கைப்பிடித்தே நடக்க வேண்டியவனாகின்றான்.

இன்று நம் சிறார் தொடக்க வகுப்புகளிலேயே நிலப்படத்தைக் காண்கின்றனர். படத்தின் மேற்புறம் வடக்கு என்று தவறின்றி ஒப்பிக்கவும் செய்கின்றனர். ஆனால் அச்சிறுவனை வகுப்பறைக்கு வெளியே நிறுத்தி வடக்கைக் காட்டுமாறு கேட்டால், அவன் வானத்தை நோக்கி விரல் நீட்டுவதை ஆசிரியர் பலர் அறிவர். படத்தில் உள்ள மேல் என்பது வேறு, மண்ணில் உள்ள வடக்கு என்பது வேறு என்பதை அவனுக்கு எவரும் எடுத்துரைக்கவில்லை. படம் சுவரில் தொங்குகின்றது; நிலமோ காலடியில் கிடக்கின்றது. இவ்விரண்டையும் இணைக்கும் பாலம் அளத்தல் என்னும் செயலேயாகும்.

அச்செயலுக்குத் தம் வாழ்நாளையே ஈந்தவர் வில்லியம் லாம்ப்டன். நம் தமிழ் மண்ணில் தொடங்கி இமயம் வரை நீண்ட பெரும் முக்கோண அளவைக்கு அடிக்கல் நாட்டியவர் அவரே. மாணவச் செல்வங்களும் ஆசிரியப் பெருமக்களும் சமுதாயப் பெரியோரும் அவர்தம் வரலாற்றை அறிந்துகொள்வது நலம் பயக்கும் எனக் கருதி, அதனை ஈண்டுச் சுருக்கமாகத் தொகுத்துரைக்கின்றோம்.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்து நாட்டின் யார்க்‌ஷயர்ப் பகுதியில், நார்தலர்ட்டன் என்னும் ஊரை அடுத்த கிராஸ்பி கிரேஞ்ச் என்னுமிடத்தில் எளியதொரு குடும்பத்தில் லாம்ப்டன் பிறந்தார். பிறந்த ஆண்டு 1750-களின் நடுப்பகுதி என்பர். செல்வமோ செல்வாக்கோ அவருக்குத் துணை நிற்கவில்லை. கணக்கில் இயல்பாகவே அமைந்த நாட்டமும் இடையறாத உழைப்புமே அவர் பெற்ற முதுசொம் எனலாம்.

1781-ஆம் ஆண்டில் அவர் படையில் சேர்ந்தார். பின்னர் 33-ஆம் காலாட்படைப் பிரிவைச் சார்ந்தவராக வட அமெரிக்கா சென்றார். இன்று கனடாவின் ஒரு மாநிலமாக விளங்கும் நியூ பிரன்சுவிக்கில் படைவீரர் குடியிருப்புகளைக் கண்காணிக்கும் அலுவல் அவருக்கு வாய்த்தது. அலுவலில் வேலை குறைவு, ஓய்வு மிகுதி. உடன் பணியாற்றிய பிறர் அவ்வோய்வை எவ்வாறு கழித்தனரோ, லாம்ப்டன் அதனைக் கல்வியாக மாற்றிக்கொண்டார். ஆசான் இன்றி, கல்லூரி இன்றி, உயர்கணிதத்தையும் வானியலையும் நில அளவையையும் நூல்களின் வழியே தாமே பயின்றார். ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன.

நாற்பது வயதைக் கடந்த பின்னரே அவர் இந்தியாவுக்கு வந்தார். அவருடைய படைப்பிரிவின் தலைவராக அப்போது விளங்கியவர், பிற்காலத்தில் வெலிங்டன் கோமகன் எனப் புகழ்பெற்ற ஆர்தர் வெல்லெஸ்லி ஆவார். பெரும்பாலோர் ஓய்வை எண்ணத் தொடங்கும் வயதில்தான் லாம்ப்டனின் உண்மையான வாழ்க்கை தொடங்கிற்று.

விண்மீன் காட்டிய திசை

1799-ஆம் ஆண்டு நிகழ்ந்த நான்காம் மைசூர்ப் போரில், ஸ்ரீரங்கப்பட்டினத்தின் மீது படையெடுத்துச் சென்ற ஆங்கிலப் படையில் லாம்ப்டனும் இருந்தார். தளபதி பேர்ட் என்பாரின் கீழ் அவர் பணியாற்றினார். ஓரிரவு பேர்டின் படை இருளில் நடந்து கொண்டிருந்தது. தாங்கள் தம் பாசறை நோக்கிச் செல்வதாகவே அனைவரும் எண்ணியிருந்தனர். லாம்ப்டன் மட்டும் தலைநிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். விண்மீன்களின் நிலையைக் கொண்டு, படை எதிர்த்திசையில், திப்பு சுல்தானின் அணிகளை நோக்கிச் சென்று கொண்டிருப்பதை உணர்ந்து தளபதிக்கு அறிவித்தார். தளபதி முதலில் அதனை ஏற்கவில்லை. சிறிது தொலைவு சென்றபின் எதிரியின் காவலணியைக் கண்டபோதுதான் லாம்ப்டன் கூறியதன் உண்மை புலப்பட்டது.

இந்நிகழ்ச்சியை நாம் மகிழ்ந்து கூற இயலாது. அப்போரின் முடிவில், 1799 மே 4-ஆம் நாள், தம் கோட்டையின் வாயிலில் வாளேந்திப் போரிட்டவாறே திப்பு சுல்தான் வீரமரணம் எய்தினார். நம் முன்னோர் கண்ணீரோடு நினைவுகூர்ந்த நாள் அது. லாம்ப்டன் நின்ற அணி நம் நெஞ்சம் நின்ற அணி அன்று. பின்னர் அவர் வரைந்த படங்களும் கம்பெனியாரின் ஆட்சிக்கும் வரித் தண்டலுக்கும் படை நடத்துதலுக்கும் பயன்பட்டன என்பதை மறைப்பது வரலாற்றுக்கு இழைக்கும் அநீதியாகும்.

ஆயினும் ஒன்றை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்விரவில் இரு படைகளின் தலைமீதும் ஒரே விண்மீன்களே ஒளிர்ந்தன. அவற்றைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அவை வழிகாட்டின. அறிவு எந்த அணியையும் சார்ந்ததன்று. கற்றவன் பக்கமே அது நிற்கும். நம் மக்கள் அதனைக் கற்க வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய காரணம் வேண்டுவதில்லை.

அளவைப் பணியின் தொடக்கம்

மைசூர் வீழ்ந்த பின்னர், தீபகற்பத்தைக் கடற்கரை முதல் கடற்கரை வரை முறையாக அளக்க வேண்டும் என்னும் திட்டத்தை லாம்ப்டன் அரசின் முன் வைத்தார். வெல்லெஸ்லியின் பரிந்துரையும் கிடைத்தது. 1800-ஆம் ஆண்டில் சென்னை அரசு இசைவளித்தது.

அவர் கையாண்ட முறை முக்கோண அளவையாகும். சமதரையில் இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தொலைவை மிகத் துல்லியமாக அளந்துகொள்ள வேண்டும். இதற்கு அடிக்கோடு என்று பெயர். அவ்விரு புள்ளிகளிலும் நின்று, தொலைவில் தெரியும் மூன்றாம் புள்ளியை நோக்கிக் கோணங்களை அளக்க வேண்டும். ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் எஞ்சிய இரு பக்கங்களையும் கணக்கிட்டு அறியலாம். அவ்வாறு அறிந்த பக்கமே அடுத்த முக்கோணத்தின் அடிக்கோடாகும். இங்ஙனம் முக்கோணத்தின் மேல் முக்கோணமாகச் சங்கிலி நீளும். இடையே ஆறு குறுக்கிட்டாலும் காடு குறுக்கிட்டாலும் தடையில்லை. கண்ணுக்குப் புலப்பட்டால் போதும். அறிந்த இரண்டைக் கொண்டு அறியாத ஒன்றை அறிதல் என்பதே இதன் சாரம்.

இதற்கு வேண்டிய கருவிகள் வந்து சேர்ந்த வரலாறே ஒரு கதை போன்றது. எஃகுச் சங்கிலியும் விண்மீன் உயரத்தை அளக்கும் கருவியும் சீனப் பேரரசருக்கு அன்பளிப்பாக ஆங்கிலத் தூதுக்குழுவால் கொண்டு செல்லப்பட்டவை. அவை அங்கு ஏற்கப்படாமையால் கல்கத்தாவில் விலைக்கு வந்தன. கோணங்களை அளக்கும் பெரிய தியோடலைட் இலண்டனில் கேரி என்பாரால் செய்யப்பட்டது. அதன் கிடைவட்டம் 36 அங்குல விட்டமுடையது. எடை ஏறத்தாழ அரை டன். அதனை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி மொரீசியஸ் தீவுக்குக் கொண்டு சென்றனர். பெட்டியில் இருப்பது அறிவியற் கருவி என்பதை அறிந்ததும், பகையை மறந்து அதனைச் சென்னைக்கு அனுப்பி வைத்தனர்.

1802 ஏப்ரல் 10-ஆம் நாள் சென்னையில் அடிக்கோட்டு அளவை தொடங்கிற்று. பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் வரை ஏழரை மைல் தொலைவு. நூறடிச் சங்கிலியை 400 முறை வைத்து எடுத்து அளக்க வேண்டியிருந்தது. கோடை வெயிலில் எஃகு நீளும் என்பதால், சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்து, ஒவ்வோர் அளவிலும் வெப்பத்தைக் குறித்து, நீட்சியைக் கணக்கிட்டுக் கழித்தனர். இன்று அரைமணி நேரத்தில் கடக்கும் தொலைவு அது. அதனை அளக்க அவருக்கு 57 நாட்கள் ஆயின.

அங்கிருந்து மேற்கு நோக்கி முக்கோணங்கள் வளர்ந்தன. அவை மங்களூர்க் கடற்கரையை எட்டியபோது வியப்பான உண்மை ஒன்று வெளிப்பட்டது. சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே 400 மைல் என அதுவரை படங்கள் காட்டி வந்தன. உண்மையில் அத்தொலைவு 360 மைலே. படத்தில் இருந்த 40 மைல் அகலமுள்ள நிலம் மண்ணில் இல்லாமற் போயிற்று!

உடனுழைத்த சிறார்

லாம்ப்டனின் உதவியாளர் பலர் சிறுவர்களாக அளவை பயின்றவர்கள் என்பது ஆசிரியர்கள் கருதத்தக்க செய்தி. வானியலாளர் மைக்கேல் டாப்பிங் என்பார் 1794-ஆம் ஆண்டில் சென்னையில் நில அளவைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அநாதைச் சிறார் இல்லத்திலிருந்து எட்டுப் பேரே முதலில் அதில் சேர்க்கப்பட்டனர். அப்பள்ளியே படிப்படியாக வளர்ந்து இன்று கிண்டிப் பொறியியற் கல்லூரியாக விளங்குகின்றது. அப்பள்ளியில் பயின்ற யோசுவா டி பென்னிங் என்பார் லாம்ப்டனின் வலக்கரமாகவே நெடுங்காலம் உழைத்தார். பெற்றோர் இல்லாச் சிறுவனும் திசையும் கோணமும் கணக்கும் கற்றுக்கொண்டால் ஒரு நாட்டின் படத்தையே வரைய வல்லவனாவான் என்பதற்கு இவர் சான்று.

கொடி பிடித்தவர்கள், கருவியைத் தோளில் சுமந்தவர்கள், மலையுச்சியில் நாட்கணக்கில் காத்திருந்தவர்கள் எண்ணற்றோர். அவர்களுள் பலர் காட்டுக் காய்ச்சலுக்கு இரையாயினர். அவர்தம் பெயர்கள் பதிவேடுகளில் அரிதாகவே காணப்படுகின்றன. பெருந்தொண்டுகளின் அடித்தளத்தில் பெயரறியா மக்களின் உழைப்பே கிடக்கின்றது.

பல்லக்கும் படமும்

லாம்ப்டனின் பணிக்கு எதிர்ப்பு எழாமல் இல்லை. செலவு மிகுகின்றது என்று அரசின் நிதிக்குழுவினர் முணுமுணுத்தனர். ஸ்ரீரங்கப்பட்டினம் செல்ல விரும்புபவர் தம் பல்லக்குத் தூக்கிகளின் தலைவனிடம் ஊர்ப்பெயரைச் சொன்னால் போதும், அவன் கொண்டுபோய்ச் சேர்ப்பான், இதற்கு லாம்ப்டனின் படம் எதற்கு என்னும் பொருள்பட ஒருவர் ஏளனம் செய்ததாக வரலாறு கூறுகின்றது.

அவ்வேளனத்தில் ஓரளவு உண்மையும் உண்டு. படம் வருமுன்னும் மக்கள் வழி அறிந்தே இருந்தனர். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் காவிரிக்கரை வழியே திருவரங்கம் கடந்து உறையூர் வந்து சேர்கின்றனர். அப்பால் மதுரைக்குச் செல்லும் வழியை மாங்காட்டு மறையோன் அவர்களுக்கு உரைக்கின்றான். கொடும்பை நெடுங்குளக் கரையில் வழி மூன்றாகக் கிளைக்கும் என்பதையும், வலப்புறம் சிறுமலை வழி, இடப்புறம் திருமால்குன்ற வழி, இடையே காட்டுவழி என ஒவ்வொன்றிலும் எதிர்ப்படும் இடர்களையும் அவன் விரித்துரைக்கும் பகுதி, தமிழில் கிடைத்த பழைய வழிகாட்டிகளுள் ஒன்று எனலாம். நம் திருச்சி வட்டாரத்தையே களமாகக் கொண்டது அது என்பது நமக்குப் பெருமை.

எனினும் சொல்லால் அறிந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. இடப்புறம், வலப்புறம் என்பன நடப்பவன் திரும்பினால் மாறிவிடும். சொல்பவன் மறைந்தால் வழியும் மறையும். கிழக்கும் வடக்கும் மாறுவதில்லை. எண்ணால் குறித்த இடம் எவர் படித்தாலும் ஒன்றே. பல்லக்குத் தூக்கி அறிந்த வழியில் அவன் விரும்பும் இடத்துக்கே செல்ல இயலும். படம் அறிந்தவன் எவரும் செல்லாத இடத்துக்கும் செல்வான்.

தஞ்சையில் நேர்ந்த இடர்

1808-ஆம் ஆண்டில் லாம்ப்டன் காவிரிப் படுகைக்கு வந்தார். வயலும் தென்னையும் பனையும் நிறைந்த சமவெளி அது. மலைகள் இல்லாத நிலத்தில் தொலைவில் உள்ள புள்ளியை எவ்வாறு காண்பது? அவர் கண்ட விடை கோயில் கோபுரங்கள். சோழர் எழுப்பிய உயர்ந்த கட்டடங்கள் அறிவியலுக்கும் நிலைக்களன் ஆயின.

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின் மீது அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் கயிறுகளால் ஏற்றிக் கொண்டிருந்தனர். கருவி சுவரில் மோதாதவாறு இழுத்துப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. கருவி ஊசலாடிக் கற்சுவரில் மோதிற்று. பெட்டி நொறுங்கியது. நுண்கோடுகள் பொறித்த பெருவட்டம் நெளிந்து உருக்குலைந்தது. இந்தியாவில் அதற்கு மாற்று இல்லை. இலண்டனிலிருந்து வேறொன்று வர ஆண்டுகள் ஆகும்.

மற்றொருவராயின் பணியைக் கைவிட்டிருப்பர். லாம்ப்டன் ஒரு கூடாரத்தினுள் புகுந்தார். தேர்ந்த கைவினைஞர்களைத் தவிர எவரையும் உள்ளே அனுமதிக்கவில்லை. கருவியை ஒவ்வோர் உறுப்பாகப் பிரித்தார். பெரிய பலகை ஒன்றில் வட்டத்தின் சரியான அளவை வெட்டி, ஆப்புகளாலும் திருகுகளாலும் கப்பிகளாலும் நெளிந்த வட்டத்தை அதனுட் பொருந்துமாறு மெல்ல மெல்ல இழுத்தார். வளைந்த ஆரைகளைச் சிறு சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரங்களில் கருவி ஏறத்தாழப் பழைய வடிவை எய்தியது. வட்டத்தின் வெவ்வேறு பகுதிகளில் பலமுறை கோணங்களை எடுத்துச் சராசரி காணும் முறையால் எஞ்சிய குறையையும் ஈடுசெய்தனர். பணி தொடர்ந்தது. 1809-ஆம் ஆண்டளவில் முக்கோணங்கள் தென்கோடியை எட்டின.

முன்னோர் எழுப்பிய வினா

நாட்டின் படம் வரைவது மட்டுமே லாம்ப்டனின் நோக்கம் அன்று. நிலவுலகின் வடிவையும் அளவையும் அறிவதே அவருடைய உள்ளக்கிடக்கை. வடக்கு நோக்கிச் செல்லச் செல்லத் துருவ விண்மீன் மேலெழும். அது ஒரு பாகை உயர எத்துணைத் தொலைவு செல்ல வேண்டும் என்று அளந்தால் பூமியின் சுற்றளவு கிடைக்கும். 78-ஆம் தீர்க்கக் கோட்டை ஒட்டித் தெற்கு வடக்காக அவர் வளர்த்த முக்கோண வரிசை இதற்காகவே. பேரளவைவில் என்று அதனைக் கூறுவர்.

இவ்வினா அவருக்கு ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இஸ்லாமிய அறிஞர்களால் எழுப்பப்பட்டது என்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டில் கலீபா மஃமூன் ஆணைப்படி அறிஞர் குழுவினர் சிஞ்சார்ச் சமவெளியில் வடக்கும் தெற்குமாக நடந்து ஒரு பாகையின் நீளத்தை அளந்தனர். கி.பி. 973-இல் பிறந்த அல்பிரூனி, பஞ்சாபில் நந்தனா என்னும் கோட்டையருகே மலையுச்சியில் நின்று, தொடுவானம் தாழ்ந்து தோன்றும் கோணத்தைக் கொண்டே பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். ஊர்களின் இருப்பிடங்களை எண்களால் வரையறுப்பது குறித்து 1025-இல் அவர் எழுதி முடித்த நூலின் நோக்கங்களுள் ஒன்று, கஸ்னி நகரின் கிப்லா திசையைத் துல்லியமாக அறிவதாகும். அதே அறிஞர், 1029-இல் ரைஹானா என்னும் பெண்ணுக்காகக் கணிதத்தையும் வானியலையும் வினாவிடையாகவே கற்பிக்கும் நூல் ஒன்றையும் யாத்தார். பேரறிஞர்கள் கற்பித்தலைச் சிறுமையாகக் கருதவில்லை.

லாம்ப்டனுக்குப் பின்னும் இப்பணியில் நம்மவர் பங்கு இருந்தது. ஆர்க்காட்டைச் சேர்ந்த சையது மீர் மொஹ்சின் உசேன் என்பார் கல்கத்தாவில் அளவைத் துறையின் கருவிப் பட்டறையில் பணியாற்றி, தம் கைத்திறத்தால் ஜார்ஜ் எவரெஸ்டின் நன்மதிப்பைப் பெற்றார். 1840-களில் அரசின் கணிதக் கருவி வினைஞர் என்னும் பதவிக்கு உயர்ந்தார். ஐரோப்பியரே வகித்து வந்த பதவி அது. அவர் பெயரை நம் வீட்டுப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

இறுதிக் காலம்

1817-இல் இலண்டன் ராயல் சொசைட்டி லாம்ப்டனைத் தன் உறுப்பினராக ஏற்றுப் பெருமை செய்தது. 1818-இல் அவருடைய அளவைப்பணி கவர்னர் ஜெனரலின் நேரடி ஆளுகையின் கீழ் வந்து, இந்தியப் பெரும் முக்கோண அளவை எனப் பெயர் பெற்றது. அவ்வாண்டிலேயே எவரெஸ்ட் அவருக்குத் துணைவராக நியமிக்கப்பட்டார். லாம்ப்டன் அதற்குள் முதுமை எய்தியிருந்தார். இருமல் நோய் வருத்திற்று. ஆயினும் அளவை நின்றபாடில்லை. 1823 ஜனவரியில், ஐதராபாத்திலிருந்து நாகபுரி நோக்கிச் செல்லும் வழியில், இன்றைய மராட்டிய மாநிலத்தின் ஹிங்கன்காட் என்னும் ஊரில் அவர் உயிர் நீத்தார். அவர் கல்லறை அங்கேயே உள்ளது. அப்போது 1,65,000 சதுர மைலுக்கு மேற்பட்ட நிலப்பரப்பு அவரால் அளக்கப்பட்டிருந்தது.

பின்வந்த எவரெஸ்ட் அப்பணியை இமயம் வரை கொண்டு சென்றார். வங்கக் கணித மேதை ராதாநாத் சிக்தர் உள்ளிட்டோரின் கணக்கால் உலகின் மிக உயர்ந்த சிகரம் கண்டறியப்பட்டது. 1865-இல் அதற்கு எவரெஸ்டின் பெயர் சூட்டப்பட்டது. அடிக்கல் நாட்டிய லாம்ப்டன் பெயரை உலகம் ஏறத்தாழ மறந்தது. பெயருக்காக உழைக்காதவர் பெயர் நிலைக்காமற் போதல் உலக இயல்பு போலும்.

திருச்சியும் திருவரங்கமும் கற்பிக்கும் பாடம்

இவ்வரலாற்றால் நாம் பெறும் படிப்பினை ஒன்றே. இடவறிவு சுவர்ப்படத்தில் தொடங்குவதன்று. நிற்கும் மண்ணில் தொடங்குவது. அதற்குத் திருச்சியினும் சிறந்த வகுப்பறை வேறில்லை.

திருவரங்கத்தின் வீதிகள் திசைப்பெயர் தாங்கியவை. கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு எனச் சித்திரை வீதிகள் நான்கு. உத்திர வீதிகள் நான்கு. ஏழு மதில்கள் ஒன்றனுள் ஒன்றாகச் செவ்வகம் வகுக்கின்றன. 1987-இல் நிறைவெய்திய 236 அடி உயர இராசகோபுரம் தெற்கு வாயிலில் நிற்கின்றது. காவிரி தெற்கே, கொள்ளிடம் வடக்கே. அங்கு வாழும் சிறுவன் எம்மதத்தினனாயினும் வீதிப்பலகைகளைப் படித்தே திசையறிய இயலும். வீதிகளை ஒரு தாளில் கட்டங்களாக வரையச் செய்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் இடச் செய்தால் அதுவே அவன் வரைந்த முதல் நிலப்படமாகும்.

கட்டங்களைக் கொண்டு இடத்தைக் குறிக்கும்போது கிழக்கு நோக்கிச் செல்லும் எண்ணை முதலிலும் வடக்கு நோக்கி ஏறும் எண்ணைப் பின்னரும் கூறுதல் மரபு. சிறார் இவ்வரிசையை மாற்றிக் குழம்புவர். திருச்சிப் பிள்ளைகளுக்கு இதனை எளிதில் உணர்த்தலாம். காவிரி கிழக்கு நோக்கி ஓடுகின்றது. மலைக்கோட்டைக்குப் படியேற வேண்டும். முதலில் ஆற்றோடு நட; பிறகு மலைப்படி ஏறு. இவ்வொரு தொடர் போதும். நிலப்படத் தாளில் ஒரு கட்டத்தைப் பத்தாகப் பகுத்து எண்ணினால் ஆறு இலக்கக் குறியீடு கிடைக்கும். முதல் மூன்றிலக்கம் கிழக்களவு. பின் மூன்றிலக்கம் வடக்களவு. ஆனால் உலகப்படத்தில் அட்சத்தை முதலில் கூறித் தீர்க்கத்தைப் பின்னர் கூறுவர். இவ்வேறுபாட்டை ஆசிரியர் முன்னரே எடுத்துரைத்தல் நன்று.

மலைக்கோட்டை வட அட்சம் 10 பாகை 50 கலை, கிழக்குத் தீர்க்கம் 78 பாகை 42 கலை என்னும் அளவில் உள்ளது. பாகையின் அறுபதில் ஒரு கூறே கலை. அரங்கநாதர் கோயில் அட்சம் ஏறத்தாழ 10 பாகை 52 கலை. தீர்க்கம் 78 பாகை 41 கலை. அட்சத்தில் ஒரு கலை என்பது ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர். ஆகவே கோயில் மலைக்கோட்டைக்கு வடக்கே நான்கு கிலோமீட்டர் அளவில், சற்றே மேற்காக உள்ளது என்பதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் கணக்கிட்டுக் கூறலாம். பின்னர் மலையுச்சியில் நிறுத்தி வடக்கே நோக்கச் செய்தால், தான் எண்ணால் கண்ட கோபுரம் கண்ணெதிரே நிற்பதைக் கண்டு வியப்பான். எண்ணும் நிலமும் ஒன்றாகும் அக்கணமே கல்வி.

நிழலும் நல்லாசானே. நண்பகலில் நட்ட கோலின் நிழல் வடக்கே விழும் எனப் பொதுவாகக் கூறுவர். திருச்சியிலோ ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்கும் ஆகஸ்டு நான்காம் வாரத்துக்கும் இடைப்பட்ட நாட்களில் அந்நிழல் தெற்கே விழும். ஏனெனில் கதிரவன் அப்போது நமக்கு வடக்கே நின்று கடக்கின்றான். இரவில் துருவ விண்மீன் வடதொடுவானுக்கு மேல் ஏறத்தாழ 11 பாகை உயரத்தில் நிற்கும். அவ்வுயரமே நம் ஊரின் அட்சம். லாம்ப்டன் பெருங்கருவியால் அளந்ததைப் பிள்ளைகள் கோணமானியும் நூற்குண்டும் கொண்டு ஓரளவேனும் அளந்து பார்க்கலாம்.

முஸ்லிம் பிள்ளைகள் நாள்தோறும் ஐந்து வேளை திசை நோக்கி நிற்பவர்கள். நம் நாட்டில் கிப்லா மேற்கு என்றே பேச்சு வழக்கில் கூறுகின்றோம். மக்காவின் அட்சமும் தீர்க்கமும் திருச்சியின் அட்சமும் தீர்க்கமும் கொண்டு கணக்கிட்டால், அத்திசை மேற்கிலிருந்து ஏறத்தாழ 21 பாகை வடக்காக அமையும். பள்ளிவாசலில் தொழுகை அணிகள் சில இடங்களில் சுவருக்குச் சாய்வாக அமைந்திருப்பதன் காரணத்தைப் பிள்ளைகள் கேட்கும்போது, அல்பிரூனியின் கதையையும் இக்கணக்கையும் கூறுவது நம் கடமை. வணக்கமே கணிதத்துக்கு வாயிலாக அமைவது நம் மரபின் சிறப்பு.

நிறைவுரை

இன்று செயற்கைக்கோள்கள் நம் இருப்பிடத்தை நொடியில் கூறுகின்றன. கைப்பேசியில் ஒரு குரல் இடப்புறம் திரும்புக, வலப்புறம் திரும்புக என்கின்றது, நாமும் திரும்புகின்றோம். அன்று நிதிக்குழுவினர் போற்றிய பல்லக்கு வேறுருவில் மீண்டு வந்துள்ளது. அது விரைவானது, பயனுள்ளது. அதனை இகழ்வது அறிவுடைமை ஆகாது. ஆனால் பல்லக்கில் அமர்ந்தவன் வழியைக் கற்பதில்லை. குரல் நின்றவிடத்து அவனும் நின்றுவிடுவான்.

நாட்டைப் படமாக்கத் தெரிந்தவர்கள் ஒரு காலத்தில் நம்மை ஆண்டனர். படம் அறியாதவர்கள் ஆளப்பட்டனர். அவ்வறிவு முன்னர் நம்மிடமும் இருந்தது. இடையில் நாம் அதனை நழுவவிட்டோம். சிஞ்சார்ச் சமவெளியில் நடந்தவர்களும், நந்தனா மலையில் நின்றவரும், பரங்கிமலையடியில் சங்கிலி இழுத்தவர்களும், தஞ்சைக் கூடாரத்தில் சுத்தியல் பிடித்தவர்களும் ஒரே வினாவுக்கே விடை தேடினர். அவ்வினாவை நம் சிறாரிடம் ஒப்படைப்போம். ஒரு கோலும், ஒரு கயிறும், கட்டமிட்ட ஒரு தாளும் போதும். தாம் நிற்கும் இடத்தை அறிந்த பிள்ளைகள் தாம் செல்ல வேண்டிய திசையையும் அறிந்துகொள்வர். எல்லாம் வல்ல இறைவன் அதற்கு அருள்புரிவானாக!